பொதுச்சுவர் வீடுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பினோம். வண்டியை ஓட்டியவர் ஒரு மேஸ்திரி. சுண்ணாம்பு அரைத்துக் கட்டத் தெரிந்தவர்கள் அருகிப்போன காலத்தில், அப்பாவிடம் கற்ற அந்த வேலையை இன்னும் விடாமல் வைத்திருப்பவர். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, ஒரே கூரையாக ஓடும் பழைய ஓட்டு வீட்டு வரிசைகளைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "ஒத்த வூடு பார்க்கத்தான் சார் எல்லாரும் வருவாங்க. வரிசையப் பார்க்கணும்னு யாரும் கேட்டதில்ல" என்றார்.

உண்மைதான். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வந்திருக்கிறது. இதே மஞ்சக்குப்பத்தில் நிற்கும் கார்டன் ஹவுஸைப் பற்றியும், இரும்பும் மரமும் சேர்க்காமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கொண்டு அதன் கூரை எழுப்பப்பட்டதைப் பற்றியும் கடலூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கிறதே, அதுவும் கட்டடக்கலைதான். அதைக் கட்டியவர் பெயர் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பதற்காக அது குறைந்துவிடாது.

கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் கிடக்கின்றன. 1690-இல் செஞ்சி மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊரும் குண்டு சாலையும் இன்றைக்கும் இருக்கின்றன. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்தார்.

இந்தச் சண்டைகளெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. கம்பெனி எதற்காக இங்கே வந்து உட்கார்ந்தது என்பதைத்தான் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் வந்தது துணிக்காக. கடலூர், பரங்கிப்பேட்டைத் துறைமுகங்களுக்கு உள்ளே இருக்கும் ஊர்களில் நெய்த பருத்தித் துணி மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறி லண்டன் போனது. போன துணி அங்கே பெரிய கலகத்தையே கிளப்பியது. கம்பளியும் பட்டும் நெய்து பிழைத்த இங்கிலாந்து நெசவாளர்களுக்கு நம் பருத்தி எமனாகத் தெரிந்தது. 1700-இல் ஒரு சட்டம் போட்டு, அச்சிட்ட, சாயமிட்ட இந்தியத் துணியை உடுத்துவதற்காக இறக்குமதி செய்யக்கூடாது என்றார்கள். அதுவும் போதவில்லை. 1719-இல் லண்டனில் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, காலிகோ என்று அவர்கள் அழைத்த நம் பருத்தியை உடுத்திவந்த பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721-இல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதே குற்றம் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1774 வரை அது நீங்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே, செத்தவரைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம் என்றொரு சட்டமும் அந்த நாட்டில் இருந்தது. ஆட்டுக் கம்பளியைக் காப்பாற்றப் பிணத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

அந்தக் கம்பளி நெசவாளர்கள் குடியிருந்த ஒரு வரிசையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நம் நெசவு ஊரான குறிஞ்சிப்பாடி வரைக்கும் என்னை இழுத்துவந்ததே அதுதான்.

இங்கிலாந்தில் ஸ்விண்டன் பக்கம் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பைபரி என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனான். கோல்ன் என்ற சிற்றாறு. அதைத் தாண்டினால் சரிவில் ஏறும் ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் முழுக்கக் கல் வீடுகளின் வரிசை. பெயர் ஆர்லிங்டன் ரோ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்ளட்டையில் இடம்பெற்ற படம் அது. 1380 வாக்கில் ஒரு மடத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டது; நீளமான ஒரே கொட்டகை. 17ஆம் நூற்றாண்டில் அதைக் குறுக்குச் சுவர்களால் தடுத்து, நெசவாளர்களுக்கு வீடுகளாக்கினார்கள். முதலில் கூரை, பிறகு வீடு. ஒரே கூரையை எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டு குடியேறினார்கள். அதனால்தான் எத்தனை வாசல் வைத்தாலும், எத்தனை புகைபோக்கி எழுப்பினாலும் அந்த வரிசை ஒரே கட்டடமாகவே கண்ணுக்குப் படுகிறது.

அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சுட்ட ஓடு அல்ல. சுண்ணாம்புக் கல்லையே பாளம் பாளமாகப் பிளந்து ஓடாக்கியிருக்கிறார்கள். இறவாரத்தில் கிடப்பவை பெரிய பாளங்கள். மேலே ஏற ஏற அளவு சிறுத்து, முகட்டுக்கருகே கையகலத்துக்கு வந்துவிடுகிறது. பாரம் முழுவதும் சுவர்மேல் இறங்க வேண்டும், முகட்டில் பளு கூடாது என்ற கணக்கு ஒரு பக்கம். குவாரியில் உடைத்த கல்லில் சிறுசும் வீணாகக் கூடாது என்ற சிக்கனம் இன்னொரு பக்கம். கல் ஓட்டின் பளுவும் பெரிது, இடுக்கில் நீர் புகும் வழியும் அதிகம். ஆகவே கூரைச் சரிவு செங்குத்தாக இருக்கிறது. மாடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று கூரையைக் கிழித்து முக்கோண முகப்புகளை எழுப்பியிருக்கிறார்கள். நெய்கிறவனுக்குக் கண்ணுக்கு வெளிச்சம் முக்கியம். எதிரே ஆற்றோரம் புல்வெளியாகக் கிடக்கும் இடத்துக்கு ரேக் ஐல் என்று பேர். நெய்த துணியை ஆர்லிங்டன் ஆலையில் அலசி, அங்கே மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். வீடு, ஆலை, துணி காயும் திடல் மூன்றும் கூப்பிடு தூரத்தில். தொழில் எப்படி நகர்ந்ததோ அப்படியே ஊரும் அமைந்திருக்கிறது.

இன்றைக்கு அங்கே தறி கிடையாது. சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். வீடுகளில் குடியிருப்பவர்கள் சன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள்.

இங்கே, கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் சிப்காட் தொழிற்சாலைகளின் மதில்கள், குழாய்கள், டேங்கர் லாரிகள். நடுநடுவே ஊர்கள். செம்மங்குப்பம் என்றால் இப்போது தமிழ்நாட்டில் யாருக்கும் 2025 ஜூலை 8 காலைதான் நினைவுக்கு வரும். பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். ரயில்வே கேட்டருகே மேஸ்திரி வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார். நானும் இறங்கினேன். அதைப் பற்றி நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஊருக்குள் டீ குடித்த இடத்துக்கு எதிரிலேயே, நான் பார்க்க வந்தது சின்ன அளவில் இருந்தது. சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள் சில. நடுவில் ஒன்றை இடித்துவிட்டுத் தளம் போட்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அந்த மாடி வீட்டுக்கு அடுத்த ஓட்டு வீட்டின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். ஈரம். வெயில் ஏறிவிட்ட நேரம். மழை பெய்து பல நாளாயிற்று.

"இது நடுச்சுவர் சார். ரெண்டு வூட்டுக்கும் பொது. கட்டும்போது இது வெளிய வரும்னு யாரும் நினைக்கல. மண்ணு வச்சுக் கட்டுன செங்கல்லு. பூச்சும் கிடையாது. பக்கத்து வூட்ட எடுத்ததும் இது மழையில நின்னுடுச்சு. அப்புறம் பயந்துபோய் மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்ல."

இங்கிலாந்தில் நின்று பார்த்தபோது விளங்காதது எனக்கு அந்தச் சுவரில் கை வைத்தபோது விளங்கியது. வரிசை வீட்டில் உயிர்நாடி முகப்பு அல்ல. வெளியே தெரியாத பொதுச்சுவர்தான். நம் பத்திரங்களில் நாலெல்லை எழுதும்போது இன்னார் வீட்டுப் பொதுச்சுவருக்குக் கிழக்கு என்று எழுதுவார்கள். அந்தச் சுவர் இரண்டு பக்கத்துக் கூரையையும் சுமக்கும். இரண்டு பக்கமும் வீடு இருப்பதால் வெயிலும் மழையும் அதைத் தீண்டாது. ஆகையால் கனமாகவும் விலை கூடிய பொருளிலும் கட்ட வேண்டியதில்லை. ஏழைக்கு வீடு கட்டுப்படியானதே இந்தக் கணக்கால்தான். ஒருவர் விலகினால் அடுத்தவர் கணக்கு குலைகிறது.

ஆலப்பாக்கத்தில் மேற்கே திரும்பி, குள்ளஞ்சாவடி வழியாகக் குறிஞ்சிப்பாடி போனோம். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாலைக்கு இருபுறமும் வருகின்றன. பல தோப்புகளில் மரங்கள் இளசு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது தலைமுறை கண்ட பலாக்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. அதன்பின் வைத்தவை இவை. புயலுக்குப் பிறகு குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டும் திட்டம் வந்தது. கூரை பறந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் மனத்திலும் அப்போதே தளம் போட வேண்டும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது என்றார் மேஸ்திரி.

குறிஞ்சிப்பாடி கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். பவர்லூம் வந்தபிறகு கைத்தறிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் தெருவுக்குள் நுழைந்தவுடன் தறிச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டுத் தறியும் கேட்கிறது. நடுவில் இருப்பது ஒரே சுவர்.

மேஸ்திரிக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். "வாங்க தம்பி, திண்ணையில உக்காருங்க. பாவு ஒரு முழம் ஓட்டிட்டு வந்துடறேன்" என்றார் உள்ளிருந்தே. நான் திண்ணையில் உட்காரவில்லை. வாசலில் நின்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகப்பு குறுகல். ஆழம் அதிகம். தெருவாசலில் நின்றால் நேர்கோட்டில் கொல்லைப்புறக் கிணறு தெரிகிறது. இறவாரம் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். கூரையின் முகடு தெருவுக்கு இணையாக ஓடுகிறது; இந்த வீட்டில் தொடங்கி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒரே கோடு. அதனால் மழைநீர் முன்பக்கம் தெருவிலும் பின்பக்கம் கொல்லையிலும் விழும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கவே இறங்காது. பொதுச்சுவர் நனையாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். ஓடு நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, பாதியாய் அறுத்துச் சுட்டது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, இரண்டொரு வீட்டில் மட்டும் இருக்கிறது. பனங்கைமேல் மூங்கில் வரிச்சு, அதன்மேல் மல்லாத்தியும் கவிழ்த்தும் இரண்டு அடுக்கு ஓடு. அடுக்குகளுக்கு இடையே காற்று நிற்பதால் உச்சி வெயில் உள்ளே இறங்குவதில்லை.

உள்ளே முதல் கட்டே தறிக்கட்டு. தரையில் குழி வெட்டி, குழிக்குள் மிதி வைத்து, குழி விளிம்பில் உட்கார்ந்து நெய்கிறார். குழித்தறி. பாவு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஓடுகிறது. மண்தரையின் குளிர்ச்சி எந்நேரமும் நூலுக்குப் படுகிறது. சன்னல் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து வியந்துபோனேன். நிற்கிறவர் கண்ணுக்கு அது முழங்கால் உயரச் சன்னல். எதற்கு இவ்வளவு தாழ்வாக என்று தோன்றும். குழி விளிம்பில் உட்காருகிறவருக்கு அதே சன்னல் இடப்பக்கத்தில் தோள் மட்டத்தில் இருக்கிறது. வெளிச்சம் நேரே அச்சுக்கும் படைமரத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சாண் அகலத் துணியில் விழுகிறது. நாடா ஓடும் இடமும் இழை அறுந்தால் தெரிய வேண்டிய இடமும் அதுதான். பைபரியில் கூரையைக் கிழித்து வாங்கிய வெளிச்சத்தை, குறிஞ்சிப்பாடிக் கொத்தனார் சன்னலைத் தாழ்த்தி வாங்கியிருக்கிறார். குளிர் தேசத்து நெசவாளர் ஈரத்தை விட்டு மாடி ஏறினார். நம்மவர் ஈரத்தைத் தேடித் தரைக்குள் இறங்கினார். ஆட்டு மயிருக்கும் பருத்திக்கும் உள்ள வேறுபாடு இரண்டு ஊர் வீட்டையும் இரண்டு விதமாக்கியிருக்கிறது.

பெரியவர் எழுந்து வந்து பேசினார். எதிர் வரிசையில் புதிதாகத் தளம் போட்ட வீட்டைக் காட்டினார். அவருடைய தம்பி மகன் வீடு.

"கட்டறப்ப வேணாம்னு சொன்னேன். கேக்கல. இப்ப பகல்ல பன்னெண்டு மணிக்கு மேல தறியில உக்கார முடியல அவனால. தளம் அனலடிக்குது. நூல் காஞ்சிபோய் பட்டுபட்டுன்னு அறுந்துபுடுது. இந்த ஓட்டு வூட்டுல நான் சாயங்காலம் வரைக்கும் உக்காருவேன்."

"அப்ப நீங்க மாத்த மாட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"எனக்கு மாத்த மனசில்ல. ஆனா வருசா வருசம் ஓடு திருப்பணும். ஓடு போடற ஆளு முன்ன மாதிரி கெடைக்கறதில்ல. கொரங்கு வந்தா ஒரே நாள்ல ஒடச்சுப் போட்டுடுது. ஓடு வாங்கலாம்னா நாட்டு ஓடு சுடறவங்க எங்க இருக்காங்க? இடிச்ச வூட்டு ஓட்டத்தான் தேடி வாங்கியாறேன்."

இடித்த வீட்டு ஓட்டைக் கொண்டுதான் இருக்கிற வீட்டைக் காப்பாற்ற முடிகிறது. இடிப்பது நின்றால் ஓடு கிடைக்காது. இடிப்பது தொடர்ந்தால் வரிசையே இருக்காது. இதைக் கேட்டபோது நெஞ்சு கனத்தது.

தறிக்குழியைக் காட்டினார். விளிம்பைச் சுற்றிச் செங்கல் வைத்துச் சின்ன அணை கட்டியிருக்கிறார். எதற்கு என்றேன். வாசலுக்கு அழைத்துவந்து தெருவைக் காட்டினார். ஒருகாலத்தில் திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்ததாம். சாலைமேல் சாலையாகப் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து இப்போது ஒரே படிதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் வாசற்படி தாண்டி வந்து நேரே பள்ளமான இடத்தைத் தேடிப் போகிறது. வீட்டில் இருப்பதிலேயே பள்ளம் தறிக்குழி. குழி நிறைந்தால் தண்ணீரை இறைத்து, ஈரம் போய், மீண்டும் மிதி கட்டும்வரை வேலை இல்லை. கூலியும் இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இந்தக் கஷ்டம் வராது. ஒரு தெருவின் நெசவையே முடக்க வல்லது சாலை மட்டம் என்பதைச் சாலை போடுகிறவர்கள் ஒருநாள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

தெருவுக்கே ஒரு வேலை இருந்தது. பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பிரஷ் போட்டுக் காய வைப்பார்கள். சேலம் பக்கம் இதற்கென்றே பாவடி என்று திடல் விட்டிருப்பார்கள். இங்கே தெருவே பாவடி. அதனால்தான் நெசவாளர் தெரு பெரும்பாலும் வளையாமல் நீளமாக இருக்கும். வரிசை வீடுகள் நேர்கோட்டில் நிற்பது பாவு நேராக ஓடுவதற்காக. ரேக் ஐல் என்ற புல்வெளி ஆர்லிங்டன் வரிசைக்கு என்னவோ, அதுதான் குறிஞ்சிப்பாடி வீடுகளுக்கு இந்தத் தெரு. அங்கே அந்தப் புல்வெளியையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறார்கள். இங்கே தெருவில் மோட்டார் சைக்கிளும் காரும் வந்துபோவதால் விடியற்காலை கொஞ்ச நேரம்தான் பாவு போட முடிகிறது. பலர் கஞ்சி போட்ட பாவையே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆர்லிங்டன் வரிசை எப்படித் தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரத் தறி வந்து இங்கிலாந்தின் கைநெசவைத் தின்றது. நம் கைத்தறியைத் தின்றதும் அதே இயந்திரம்தான். நம் துணியைக் கண்டு அஞ்சிய கைநெசவாளனும், அவன் அஞ்சிய நெசவாளனும் ஒரே ஆலைச் சங்குக்குத் தோற்றார்கள். தொழில் போனபின் வீடுகள் நலிந்தன. அந்தக் காலத்தில் ஹென்றி ஃபோர்டு, அதே வட்டாரத்தில் செட்வொர்த் என்ற ஊரில் ஒரு கல் வீட்டை வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி, 1930-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தன் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் காட்சியகத்தில் எழுப்பினார். ஆர்லிங்டன் வரிசைக்கு அப்படி நேராமல், 1929-இல் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் வரிசையை மொத்தமாக வாங்கியது. 1949-இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. ஒரே உரிமையாளர் என்பதால் ஒரே கூரையாகப் பராமரிக்க முடிகிறது. ஒரு வீட்டுக்காரர் நினைத்தால் இடித்துவிட முடியாது.

நம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பட்டா. ஒரே வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய இடமும் உண்டு. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012-இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறோம். அப்படிப்பட்ட சட்டம் கோயிலுக்கும் கோட்டைக்கும் மாளிகைக்கும் உதவலாம். பத்துப் பேர் பத்துப் பட்டாவில் வைத்திருக்கும் ஒரு கூரைக்கு எப்படி உதவும்? உடைமையாளர்களைத் தண்டித்து எதையும் காக்க முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம், ஒரு அறை வேண்டும் என்று மாடி எழுப்புகிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வழி இருக்கிறது என்பதற்குக் கடலூருக்கு வடக்கே அடுத்த ஊரிலேயே சாட்சி உண்டு. புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டி வீதி. கீழே திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்று கலந்து கட்டிய வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து, வீட்டுக்காரர்களையும் செலவில் பங்கேற்கச் செய்து, 2002 முதல் 2004 வரை அந்த வீதி முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தனித்தனிப் பட்டா இருந்தும் தெருவாகச் சேர்ந்து செய்ய முடிந்தது.

குறிஞ்சிப்பாடிக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. நெசவாளர்கள் ஏற்கெனவே கூட்டுறவுக்குப் பழகியவர்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கிய காலம்தொட்டு, நூல் வாங்குவதும் துணி விற்பதும் சங்கத்தின் வழியே நடக்கிற தொழில் இது. நூலைப் பொதுவில் வாங்குகிறவர்கள் ஓட்டையும் பொதுவில் வாங்கலாம். ஒரு தெருவுக்கு ஓடு திருப்பும் ஆள் இரண்டு பேரை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சூளைக்கு ஆர்டர் உறுதி என்றால் நாட்டு ஓடு மறுபடி சுடுவார்கள். தறிக்கும் நூலுக்கும் கொடுக்கும் மானியத்தில் கூரையையும் ஒரு கருவியாகச் சேர்த்தால் போதும். அந்த வீட்டில் கூரை தறியின் ஒரு பாகமேதான். தளம் போட்டதும் தறி ஓடும் நேரம் பாதியாகிவிடுகிறதே. இதை மேஸ்திரியிடம் சொன்னேன். "சங்கம் கூப்பிட்டா நான் எங்க ஊர்ப் பசங்க நாலு பேருக்கு இந்த வேலையக் கத்துத் தரேன் சார். கூலி மட்டும் சித்தாளுக்குக் கொடுக்கறதவிடக் கொறைவா இருக்கக் கூடாது" என்றார். நியாயமான பேச்சு.

வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தேர் வீதிகளில் திண்ணை வீடுகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் திண்ணை கடையாகிவிட்டது. கீழ வீதியில் ஒரு செல்போன் கடைப் பலகைக்குப் பின்னால், உருண்டு மழமழத்த மரத்தூணின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. மேஸ்திரி அதை எனக்குக் காட்டிவிட்டு, தேக்கு என்று மட்டும் சொன்னார்.

யாராவது இந்த வரிசைகளைப் பார்க்க வருவதென்றால், சிதம்பரத்தையோ கடலூரையோ தங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். கடலூர் துறைமுகம் – விருத்தாசலம் தடத்தில் குறிஞ்சிப்பாடிக்கு ரயில் நிலையமும் இருக்கிறது. தெருவில் பாவு போடுவதைப் பார்க்க வேண்டுமானால் பொழுது விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். மழை மாதங்களில் போய்ப் பயனில்லை. தறிக்கட்டுக்குள் நுழையுமுன் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். அது அவர்களுடைய வீடு. படம் எடுப்பதைவிட, வீட்டுக்குள் போய்ச் சன்னலின் உயரத்தை ஒருமுறை குழி விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். கைலி வேண்டுமானால் சங்கத்தில் வாங்கலாம். பேரம் பேச வேண்டாம்.